உயிர்க்கொல்லி என்றொரு சொல்

எச்.ஐ.வி. குறித்த அறியாமை எழுத்தறிவற்றோரிடமே இருப்பதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். அவ்வறியாமையைப் பேணி வளர்த்ததில் எழுதுகிற நமக்கும் பங்குண்டு. தொட்டால் ஒட்டாது, கொசுக்கடியால் பரவாது என்பன பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. ஆயினும் 'உயிர்க்கொல்லி நோய்' என்ற அடைமொழியை விட நமக்கு மனம் வரவில்லை.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது அச்சொல்லுக்கு நியாயம் இருந்தது, அன்று மருந்தில்லை. 1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசு அதை இலவசமாக வழங்கிவருகிறது. தொடக்க மையங்களுள் தாம்பரமும் ஒன்று. எச்.ஐ.வி. என்பது கிருமி. எய்ட்ஸ் என்பது, மருந்தின்றி விட்டால் அது பல்லாண்டுகள் கழித்துக் கொண்டுசேர்க்கும் நிலை. இரண்டும் ஒன்றல்ல. காலத்தே தொடங்கி நாள் தவறாமல் மருந்துண்பவர் ஏறத்தாழ எல்லாரையும் போல முழு ஆயுள் வாழலாம். குருதியில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்கு அடங்கி, அந்நிலை நீடித்தால், உடலுறவு வழியே பிறர்க்குத் தொற்றாது. தக்க மருத்துவம் பெறும் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 5க்கும் கீழே.

இத்தனைக்குப் பிறகும் நம் கதைகளில் எய்ட்ஸ் என்னவாக வருகிறது? ஒழுக்கம் தவறியவனுக்கு ஆசிரியர் அளிக்கும் தண்டனையாக! கடைசிப் பக்கத்தில் அவன் மெலிந்து, இருமிச் சாகிறான், நீதி நிலைநாட்டப்படுகிறது. அப்படியானால் அவன் மனைவி செய்த குற்றம் என்ன என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியிலும் நஞ்சிருக்கிறது. சிலரைக் குற்றமற்றவர் எனப் பிரித்தால், எஞ்சியோரைக் குற்றவாளிகளாக்கிவிடுகிறோம். கிருமி நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு நுழைவதில்லை.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண்ணொருவருக்குத் தொற்றுள்ள குருதி ஏற்றப்பட்டது. குருதி அளித்த இளைஞர், தம் நிலை அறிந்ததும் தாமே முன்வந்து தெரிவித்தவர். அம்மாத முடிவுக்குள் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரைக் கொன்றது கிருமியன்று. அதை அடக்கும் மருந்து அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைத்துக்கொண்டிருந்தது. நோயோடு அவமானத்தையும் சேர்த்துத் தைத்துக் கொடுக்கும் சமூகம் இதற்குப் பொறுப்பேற்க வேண்டாமா? அத்தையலில் நம் எழுத்தின் இழையும் இருக்கிறது.

தொற்றுள்ளோரைப் பணியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபடுத்துவதை 2017ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. சொல்லைத் திருத்தச் சட்டம் வராது. அது மொழியைத் தொழிலாகக் கொண்ட நம் கடமை.