பெயர் ஒன்றே ஆளைக் காட்டுமா?

அரசுகளின் தடைப்பட்டியலில் ஒருவர் பெயர் உள்ளதா எனத் தேடும் கருவியைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களிடம் ஒப்படைக்கிறார்கள். தேடட்டும், தீர்ப்புச் சொல்லவேண்டா!

2011இல் அமெரிக்காவில் மகிழுந்து வாங்கச் சென்ற ஒருவரை, முதற்பெயரும் குடும்பப்பெயரும் ஒத்திருந்தமையால் அந்நாட்டு நிதியமைச்சின் பட்டியலோடு பொருத்திக் காட்டியது டிரான்ஸ்யூனியன் நிறுவனம். பிறந்த நாளைக்கூட ஒப்பிடவில்லை. கடைக்காரர் அவருக்கு வண்டியை விற்க மறுத்தார். இவ்வாறு குறியிடப்பட்ட 8,185 பேர் சார்பான வழக்கு 2021இல் உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

நம்மில் பலருக்குக் குடும்பப்பெயரே இல்லை. தந்தை பெயர்தான் உண்டு. 'இலட்சுமி'யை உரோமன் எழுத்தில் ஊருக்கொரு விதமாக எழுதுகிறோம். வகுப்பில் கவிதா இருவர் இருந்தால், தந்தை பெயரைப் பாராமல் ஒருத்தியின் குறையை மற்றவள்மேல் ஏற்றுவோமா?

பெயர் ஒத்தால் விசாரணை தொடங்கலாம், அதனோடு முடியக்கூடாது. பெற்றோரே, ஆசிரியரே, சிந்திப்போம்!