இலவச லேப்டாப்பும் பாதியில் நின்ற அப்கிரேடும்

இளம்பிள்ளை என்றாலே எல்லோருக்கும் சேலைதான் ஞாபகம் வரும். தறி ஓடும் வீடுகளில் பரண் மேல் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் இன்னொரு பொருளும் கிடக்கும். அண்ணனுக்கோ அக்காவுக்கோ ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். ஏன் மேலே கிடக்கிறது என்று கேட்டால் "அது போச்சுப்பா, என்னமோ அப்டேட் போட்டாங்க, அதோட எந்திரிக்கவே இல்ல" என்று பதில் வரும். அடுத்தது பழைய இரும்புக்கடைதான்.

உண்மையில் அது போகவில்லை. பாதி வழியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம் அது. எல்காட் கொள்முதல் செய்து, சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் கைக்கு வந்தன. அதில் விண்டோஸும் இருந்தது, பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம். முதல் வேலையாக அதை அழித்துவிட்டு கள்ள விண்டோஸ் போட்டவர்கள்தான் அதிகம். விட்டு வைத்தவர்களில் கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் பின்னாளில் "புதுசுக்கு மாத்தலாமே" என்று அப்கிரேடு கொடுத்தார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள்.

ஏன் மாட்டுகிறது? முதல் காரணம் கேட்டால் சிரிப்பு வரும். மதர்போர்டில் காசு அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. பத்து வருடத்தில் அது செத்துப்போகும். அப்புறம் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் லேப்டாப் ஏதோ ஒரு பழைய வருடத்துக்குப் போய்விடும். மென்பொருள் கிடங்கில் இருக்கும் கோப்பின் தேதியைப் பார்த்து "இது இன்னும் செல்லுபடி ஆகவில்லையே" என்று ஆப்ட் மறுத்துவிடும். தேதியைச் சரி செய்தால் தீர்ந்தது. இதற்காக லேப்டாப்பையே ஃபார்மட் அடிக்கிறார்கள்!

இரண்டாவது, முகவரி. பழைய டெபியன் பதிப்புகளை வழக்கமான சர்வரிலிருந்து எடுத்து ஆவணக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். லேப்டாப்போ பழைய முகவரியிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். 404 என்று வந்தால் இதுதான். மூன்றாவது, இடம். விண்டோஸுக்குப் பெரிய பங்கு கொடுத்துவிட்டு லினக்ஸுக்குச் சின்ன மூலை. ஆயிரக்கணக்கான கோப்புகளை இறக்கும்போது அந்த மூலை நிரம்பிவிடும்.

நாலாவதுதான் நம்ம ஊர்க் காரணம். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, லேப்டாப் முழுக்க முழுக்க கரண்டில் ஓடுகிறது. மின்வாரியம் பராமரிப்புக்காக நிறுத்தும் நாளில் அப்கிரேடு போட்டால்? பாதிப் பொதிகள் புதுசு, பாதி பழசு, கறுப்புத் திரை.

இந்த நிலையில் தறிக்காரர் என்ன செய்வார் என்று யோசித்துப் பாருங்கள். இழை அறுந்தால் பாவையே வெட்டி எறிவாரா? அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டு ஓட்டுவார். லினக்ஸிலும் அந்த முடிச்சு இருக்கிறது. ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் ரெகவரி மோடைத் தேர்ந்தெடுங்கள். அதில் முதலில் 'ஆப்ட் கிளீன்', இடம் கிடைக்கும். அடுத்து 'டிபிகேஜி கன்ஃபிகர் ஏ', பாதியில் நின்ற பொதிகளை முடித்து வைக்கும். பிறகு 'ஆப்ட் ஃபிக்ஸ் புரோக்கன் இன்ஸ்டால்'. (தமிழில் அடித்துவிடாதீர்கள், இங்கே இருப்பது உச்சரிப்பு மட்டும், கோடுகளும் சேர்த்துப் போட வேண்டும்!) எல்லாம் முடிந்தும் திரை கறுப்பாகவே இருந்தால் கிராஃபிக்ஸ் தகராறு. பூட் வரியில் 'நோமோட்செட்' என்று சேர்த்துப் பார்க்கலாம். வைஃபை வரவில்லையா? போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள். பெரும்பாலும் டிரைவர் தேடாமலே நெட் வரும்.

சரி, எழுந்துவிட்டது. இனிமேல் என்ன? இங்கேதான் லினக்ஸ் அன்பர்களோடு கருத்து வேறுபாடு. "படிப்படியாக ஏறு" என்பார்கள். விதிப்படி சரிதான், டெபியனில் ஒரு பதிப்பைத் தாண்டிக் குதிப்பதை அவர்களே ஆதரிப்பதில்லை. ஆனால் கணக்குப் போடுங்கள். 2013-ல் வந்த டெபியன் 7 காலத்து பாஸிலிருந்து 2025-ல் வந்த டெபியன் 13-க்கு வர ஆறு படி. ஆறு முறை இறக்கம், ஆறு முறை கரண்ட் பயம், அதுவும் 2 ஜிபி ரேமில். இது வெட்டி வேலை. பழுது பார்ப்பது கோப்புகளை எடுப்பதற்கு மட்டும் போதும். போட்டோ, புராஜெக்ட், பழைய பில் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு புதிதாகவே நிறுவிவிடுவது உத்தமம். அதற்கு முன் ஹார்ட் டிஸ்க் நல்லா இருக்கிறதா என்று ஸ்மார்ட் சோதனை ஒன்று. டிஸ்க் போயிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். 'எல்எஸ்சிபியு' அடித்தால் ப்ராசசர் 64 பிட்டா என்று சொல்லும். 64 என்றால் டெபியன் 13-ஐ எல்எக்ஸ்க்யூடி போன்ற இலகுவான முகப்போடு போடலாம். 32 மட்டும்தான் என்றால் சிக்கல், டெபியன் 13-ல் அதற்கு இன்ஸ்டாலரே கிடையாது, 12-தான் கடைசி. ஃபயர்பாக்ஸும் 145-வது பதிப்போடு 32 பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது. அப்படிப்பட்ட லேப்டாப்பைத் தட்டச்சுக்கும் பாடக் குறிப்பு படிக்கவும் வைத்துக்கொள்ளலாம், பேங்க் வேலைக்கு வேண்டாம்.

காமர்ஸ் படிப்பவர்கள் உடனே கேட்பது, டேலி ஓடுமா? ஓடாது. டேலி விண்டோஸுக்கானது, ஒயின் வைத்து இழுக்கலாம் என்று சொல்வதை நம்பி சேலைக் கடைக் கணக்கை அதில் வைக்காதீர்கள். இந்த ஊரில் லினக்ஸ் நிற்காமல் போனதற்குப் பாதிக் காரணம் டேலிதான், இதை லினக்ஸ் பக்கம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஸ்டாக் பட்டியல் போடலாம், ஜிஎஸ்டி தளத்தைத் திறக்கலாம், தங்கச்சி அசைன்மென்ட் அடிக்கலாம். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்த பிறகு, இந்தப் பழைய பெட்டிகளுக்குப் பணம் செலவழிக்காமல் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் வழி வேறு என்ன இருக்கிறது?

இத்தனை லட்சம் லேப்டாப் கொடுத்தபோது, மூன்று வருடம் கழித்து இதை எப்படிப் புதுப்பிப்பது என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருந்தால் பாதி பரண் காலியாக இருந்திருக்கும். கல்லூரி லேபில் ஒரு சனிக்கிழமை போதும், நாலு பென் டிரைவும் போதும். எடுத்துக்கொண்டு வரச் சொன்னால் வருவார்கள். சார்ஜரை மறக்காமல் கொண்டு வரச் சொல்லுங்கள், பழைய லெனோவாவுக்குப் பொருந்தும் பின் எல்லோரிடமும் இருக்காது.