கொலஸ்டிரால் குறைவாக இருந்தும் மாத்திரை எதற்கு?

“அறிக்கையில் கொலஸ்டிரால் சரியாகத்தானே இருக்கிறது? பிறகு ஏன் இந்த மாத்திரை?” இதயநோய்ப் பிரிவில் நாங்கள் அடிக்கடி செவிமடுக்கும் கேள்வி இது. கேள்வி நியாயமானதே. ஆனால் கேளாமலேயே, தாமாக ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிடுகின்றவர்களும் உளர் என்பதே எங்கள் கவலை.

இக்குழப்பத்திற்கு ஆய்வகத் தாளும் ஒரு காரணம் என்போம். அதில் அச்சிடப்படும் இயல்பு அளவு பொதுமக்களுக்கானது. எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் தாள் நிறைவு கொள்ளும். மாரடைப்பு கண்டவருக்கோ, ஸ்டென்ட் பொருத்தப்பட்டவருக்கோ அது போதாது. 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் 55க்குக் கீழ் என்கிறது. மேலும், மாரடைப்புக்கு அடுத்த சில நாட்களில் எடுக்கும் இரத்தத்தில் கொலஸ்டிரால் தற்காலிகமாகத் தாழ்ந்து காணப்படும். மாத்திரை உட்கொண்டு வருபவரின் குறைந்த அளவோ அம்மாத்திரையின் உழைப்பே. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவு திரும்பிவிடும்.

தொடக்கத்திலிருந்தே அளவு குறைவாக இருந்தவர்களுக்கு? பிரிட்டனில் 20,536 பேரிடம் நடத்தப்பெற்று 2002இல் வெளியான இதயப் பாதுகாப்பு ஆய்வு இதற்கு விடையளித்தது. சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் பெற்றவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை ஆகியவை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. முன்பே எல்.டி.எல். 100க்குக் கீழ் இருந்தவர்களும் அதே அளவு பயனடைந்தனர். இதில் வியப்பில்லை. ஆபத்து இரத்தத்தில் ஓடும் கொழுப்போடு முடிவதில்லை. நாளச் சுவரில் முன்னரே படிந்துவிட்ட கொழுப்பு வெடிக்கும்போதுதான் இரத்தம் உறைந்து வழியடைகிறது. ஸ்டாட்டின் அப்படிவின் அழற்சியைத் தணித்து, அதை உறுதிப்படுத்துகிறது.

இம்மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்று நாங்கள் கூறமாட்டோம். தசைவலி வரலாம்; சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்போருக்கு அந்நோய் சற்று முன்னதாகத் தலைகாட்டலாம். ஆயினும், பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை ஆராய்ந்து 2020இல் வெளியான சாம்சன் ஆய்வில், அவர்கள் உணர்ந்த தொல்லையில் 90 விழுக்காடு மருந்தற்ற வெற்று மாத்திரையின்போதும் தோன்றியது. வலி பொய் என்பதன்று இதன் பொருள். வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்பதே. மருந்தின் அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எசெடிமைப் சேர்க்கலாம். கடுந்தசைவலியுடன் சிறுநீர் கருத்துப்போனால் மட்டும் காத்திராமல் உடனே வர வேண்டும்.

அடுத்த முறை வரும்போது, மாத்திரை தொடங்குமுன் எடுத்த பழைய இரத்த அறிக்கை வீட்டில் இருந்தால், அதையும் குடும்பத்தார் உடன் எடுத்துவர வேண்டுகிறோம்.