ஆசிரியர்க்கும் வேண்டும் ஒழுகலாறு

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த நாளில், கல்லின் துணையால் கடலடிக்கு இறங்கியவன் ஒருவன். படகில் கயிறு பிடித்து நின்றவன் மற்றொருவன். மேலிருப்பவன் கண்ணயர்ந்தால் கீழிருப்பவன் உயிர் போகும். எனவே கட்டுப்பாடு இருவர்க்கும் உண்டு. மேலிருப்பவனுக்கோ அது மிகுதி.

கல்லூரிகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. உடுப்பு, முடி, வருகை என மாணவர்க்கே விதிகள் அடுக்கப்பெறுகின்றன. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் முரட்டுத்துணிக் காற்சட்டைக்கும் கைப்பேசிக்கும் தடைவிதித்தது. காலந்தாழ்ந்து வரும் மாணவன் வகுப்புக்கு வெளியே நிற்கின்றான்; காலந்தாழ்ந்து வரும் ஆசிரியர்க்கு என்ன விதி? மாணவர் கேட்கும் இவ்வினா அடங்காமை அன்று, அறமே.

பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் இலக்கணத்தை முன்னும், மாணவர் இலக்கணத்தைப் பின்னும் வைத்தார். ஆசிரியர் ஆகாதார் இன்னார் என்றும் கடிந்துரைத்தார். தானே உதிர்ந்தாலன்றிப் பிறர் அணுகிப் பயன்கொள்ளவிடாத மடற்பனை அவர் காட்டிய உவமைகளுள் ஒன்று. தேரிப் பனைகளிடையே வளர்ந்த தூத்துக்குடி மாணவர்க்கு அதற்கு உரை வேண்டுவதில்லை.

மாணவர்க்கு விதியே வேண்டா என்பாரும் இலர். 1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவரால் கொலையுண்டார். 1997-இல் தமிழ்நாட்டில் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அது வேண்டியதே. ஆனால், அகமதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்க, அவர் தவற்றை மாணவி எவரிடம் உரைப்பாள்? 2023-இல் சென்னைக் கலாசேத்திரா மாணவியர் பாலியல் தொல்லைக்கு எதிராக வெளிப்படப் போராடினர். அதன் பின்னரே உதவிப் பேராசிரியர் ஒருவர் தளைசெய்யப்பட்டார். போராடினாலன்றிக் கேளாத செவி, கல்விக்கழகத்தின் செவியாகுமா?

பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிகள், மாணவர் தொடர்பான பாலியல் முறையீடுகளை ஆயும் குழுவில், தேர்ந்தெடுக்கப்பெற்ற மாணவர் மூவர் இருத்தல் வேண்டும் என்கின்றன. அவ்விதி ஏட்டளவில் நில்லாது ஒவ்வொரு கல்லூரியிலும் செயற்படல் வேண்டும்.

1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வுக்கும் கிழமை ஓய்வுக்கும் போராடியபோது உடன்நின்றவர் வ.உ.சி. ஆலை உடையாரும் முறைக்குக் கட்டுப்பட்டவரே என்பதை அப்போராட்டம் நாட்டிற்று. 1951-இல் அவர் பெயரால் கல்லூரி எழுந்த ஊர் தூத்துக்குடி. அவ்வூர்க் கல்லூரிகள் பிறவற்றுக்கு வழிகாட்டட்டும். ஆசிரியர், மாணவர் இருசாராரும் கூடி ஒழுகலாறு வகுக்கட்டும். அது அனைவர்க்கும் விளங்கும் நற்றமிழில் அமையட்டும். இருவர்க்குமுரிய விதிகள் ஒரே பலகையில் ஒட்டப்பெறட்டும். தமக்கும் விதியுண்டு என ஏற்கும் ஆசிரியரின் சொல்லையே மாணவர் மதிப்பர்.