ஈரல் நோயாளியைப் படுக்கப் போடாதீர்!



லயத்தில் ஒருவருக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சள் பூத்தால் போதும். "சம்சு குடிச்சு ஈரலைக் கெடுத்துக்கிட்டான், இனி அவ்வளவுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சம்சு நம் குடும்பங்களை அழித்தது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சொட்டும் தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறதே! ஹெப்படைடிஸ் பி கிருமி பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் அதற்குத் தடுப்பூசி வந்ததே 1989-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது. இனிப்பு நீரும் உடல் பருமனும்கூட ஈரலைக் கெடுக்கும். குடித்தவராகவே இருக்கட்டும்; இன்று நிறுத்தினாலும் பலன் உண்டு.

"இனி அவ்வளவுதான்" என்று கைவிட்டு, வெறும் கஞ்சியை ஊற்றிப் படுக்கப் போடுகிறார்கள். பத்தியமாம்! ஈரல் சுருங்கியவருக்குச் சதை வேகமாகக் கரையும். முட்டை, மீன், கோழி, பருப்பு கொடுங்கள். இரவு படுக்குமுன் இரண்டு துண்டு ரொட்டியாவது கொடுங்கள். வயிற்றில் நீர் கோத்தவருக்குக் குறைக்க வேண்டியது உப்பை: கருவாடு, ஊறுகாய், கிச்சாப்.

இன்னொன்று. சிலருக்கு ஆஸ்பத்திரியில் லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்து கொடுப்பார்கள். "குடிச்சா வயிறு போகுது" என்று வீட்டில் நிறுத்திவிடுகிறோம். போகத்தானே கொடுக்கிறார்கள்! நாளுக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போனால் நச்சு வெளியேறும். தங்கினால் மூளையைத் தாக்கும். பகலில் தூங்குவார், இரவில் பிதற்றுவார், நீட்டிய கை படபடக்கும். அதைப் பார்த்து, "மறுபடி குடிச்சிருக்கான்" என்று ஏசுவோரும் உண்டு, பேய் பிடித்ததென்று பூசாரியைக் கூப்பிடுவோரும் உண்டு. கோயிலுக்குப் பிறகு போகலாம், முதலில் ஆஸ்பத்திரி. இரத்த வாந்தியோ, தார் போன்ற மலமோ, காய்ச்சலோடு வயிற்று வலியோ கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உடம்பு வலிக்குக் கடை மாத்திரை, வேர், சூரணம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

சம்பளம் போகுமே என்று ஆஸ்பத்திரியில் தங்காமல் ஓடிவருகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 முதல் அது சாதாரண நோய் விடுப்போடு சேராத தனிக் கணக்கு. ஆபீசில் கிராணி இல்லையென்றால், டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு தோட்டக் கமிட்டித் தலைவரைப் பாருங்கள்.