பத்து மணிச் சூரியன்

என் பள்ளித் தோழி, மகளின் பிரசவத்துக்காக ஸ்டாக்ஹோம் போயிருந்தாள். "குழந்தை தேறிடுச்சு, நீங்க ரெண்டு பேரும் வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போங்களேன்" என்று அவள் கூப்பிட, இன்னொரு தோழியும் நானும் போன ஜூன் மாதம் கிளம்பிவிட்டோம்.

ஊர் சுற்றக் கிடைத்தது ஒரே ஒரு நாள். குழந்தையை மகளும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொண்டார்கள். சுவீடனில் ஒரு குழந்தைக்கு 480 நாள், உதவித்தொகையோடு விடுப்பு. தகப்பனுக்கும் அதில் பங்கு உண்டு என்பது 1974-லேயே வந்த ஏற்பாடு. கேட்டதும் நாங்கள் மூவரும் ஒரு பெருமூச்சு விட்டோம்!

முதலில் நகர மண்டபம். 1923-ல் திறந்தது. டிசம்பர் 10-ந் தேதி நோபல் விருந்து நடக்கும் கூடத்துக்கு 'நீல மண்டபம்' என்று பெயர். உள்ளே போனால் எல்லாம் சிவப்புச் செங்கல்! நீலம் பூச நினைத்த சிற்பி, செங்கல்லின் அழகைப் பார்த்து அப்படியே விட்டுவிட்டாராம். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்து வாசா கப்பல் மியூசியம். 64 பீரங்கிகளோடு ராஜா கட்டுவித்த கப்பல், 1628-ல் முதல் பயணத்திலேயே சுமார் 1,300 மீட்டர் போய், காற்றடித்துச் சாய்ந்து மூழ்கிவிட்டது. மேல்பாரம் அதிகம். 1961-ல்தான் வெளியே எடுத்தார்கள். இதில் கொடுமை என்ன தெரியுமா? கிளம்பும் முன்பே முப்பது ஆட்களைத் தளத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தில் சோதனையையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பயணத்தை யாரும் நிறுத்தவில்லை. "வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்?" என்று நான்தான் உரக்கக் கோபித்துக்கொண்டேன்.

கொண்டுபோன புளியோதரையை மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே 1891-ல் தொடங்கிய ஸ்கான்சனுக்குப் போனோம். நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கால அடுப்படிகளை விட்டு நகர எங்களுக்கு மனசே வரவில்லை. பிறகு படகேறிப் பழைய நகரத்துக்கு வந்தோம்.

இங்கேதான் வினை. எனக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை வியாதி. தோழிகளிடம் சொன்னதில்லை. வந்த இடத்தில் அவர்களுக்கு எதற்குச் சிரமம் என்று ஒரு எண்ணம். வழக்கம்போல் ஏழு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டேன். "வெயில் இப்படி அடிக்குதே, வீட்டுக்குப் போயே சாப்பிடலாம்" என்றாள் ஒருத்தி. நானும் தலையாட்டினேன். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணியாகும் என்பது மாத்திரைக்குத் தெரியுமா?

ஒன்பது மணிக்கு ஒரு சந்தில் ஏறினோம். குறுகலான இடத்தில் 90 சென்டிமீட்டர்தான் அகலம்; 36 படிகள். பாதியில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏண்டி, என்னடி ஆச்சு?" என்று பதறினார்கள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தி ஓடிப்போய் ஆரஞ்சுச் சாறு வாங்கி வந்தாள். குடித்துக் கால் மணி நேரத்தில் தெளிந்தது.

"கப்பல்காரனைத் திட்டினியே, நீ மட்டும் வாயைத் திறந்தியாடி?" என்றாள் தோழி. அவள் கண்ணில் தண்ணீர். எனக்குப் பதில் சொல்ல நாக்கு எழவில்லை.

என்னைப் போன்ற சகோதரிகளுக்கு என் அனுபவம் இது: வெளியூரில் வெயிலைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். ஜூனில் அந்த ஊர் நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். மாத்திரை வேளையைப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். மயக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் அளவு நீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் பாருங்கள். தெளியாவிட்டால் இன்னொரு முறை. பிறகு சாப்பிட்டுவிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

எல்லாவற்றுக்கும் முதலில், கூட வருபவர்களிடம் சொல்லிவிடுங்கள். மறுநாள் காலையில் தோழி எனக்கு முதல் தோசையை வார்த்துப் போட்டுவிட்டு, "மாத்திரை போட்டாச்சா?" என்றாள். இத்தனை வருஷம் இதைக் கேட்க ஆளில்லாமல் செய்துகொண்டவள் நான்தானே!