மதிலும் வேலியும்

கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் இம்மலருக்கென ஊர்ப் படங்கள் கேட்டிருந்தனர். 'பழைய தோற்றமாகப் பார்த்து எடுங்கள்' என்பது அவர்தம் வேண்டுகோள். கமராவுடன் இரண்டு நாள் ஒழுங்கைகளில் அலைந்தோம். கிடுகு வேலி நின்ற இடமெல்லாம் சீமெந்து மதில். சங்கடப் படலையொன்றைக் கண்டு மகிழ்ந்து அணுகினால், அது விடுதியொன்றின் அலங்காரம்!

மதிலை விலக்கிப் படமெடுக்க எமக்கு மனம் ஒப்பவில்லை. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நாம் பெயர்ந்தபோது எம் ஒழுங்கையில் வேலிகளே இருந்தன. மீண்டபோது அவை இல. காவலற்றிருந்தோர் பின்னர் எழுப்பிய மதிலை அழகற்றதென்று எங்ஙனம் பழிப்பது?

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நோக்குக. 1981இல் எரியூட்டப்பெற்றுப் பின் புதுக்கப்பெற்ற அக்கட்டடம் பழைய வடிவிலேயே வெண்மையாக நிற்கின்றது. படத்தை மட்டும் காண்பவன் அங்கே சுமார் 97,000 நூல்கள் சாம்பலானமையை அறியான். ஆதலின், ஆண்டும் இடமும் அயலார் கூறிய செய்தியும் எழுதப்பெறாத படம் மலரில் இடம்பெறலாகாது என்பதே எம் கருத்து. மாணவர் இதனைப் பயில்வாராக. கட்டுரைப் பயிற்சியாகவும் அமையும்.

நாம் அனுப்பிய படமொன்றில் மதிலுக்கு மேலாகப் பூவரசங் கிளையொன்று தெரியும். பழைய வேலிக் கதியாலில் எஞ்சியது அது ஒன்றே. மதில் கட்ட வந்தோரை வெட்டவிடாது மறித்தவர் அவ்வீட்டு ஆச்சி.